இன்செக்ட் டிரஸ்ட்: அசல் இசைத்தட்டு வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இன்செக்ட் டிரஸ்ட் இரண்டே இரண்டு எல்பி போட்டுவிட்டுக் கலைந்துபோன அமெரிக்க இசைக்குழு. 1968இல் கேப்பிட்டல் நிறுவனத்தில் ஒன்று, 1970இல் அட்கோவில் ஒன்று. பேஞ்சோவும் பாரிடோன் சாக்சபோனும் ஒரே பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். மிசிசிப்பி ப்ளூஸ் முடியும் இடத்தில் ஃப்ரீ ஜாஸ் ஆரம்பிக்கும், நடுவே நான்சி ஜெஃப்ரீஸ் பதறாமல் பாடிக்கொண்டிருப்பார். சைக்கடெலிக் ராக் என்ற அடுக்கில் இவர்களை வைப்பார்கள். ஆனால் அந்த அடுக்கில் பக்கத்தில் இருக்கும் குழுக்களைப் போல இவர்கள் ஒலிப்பதில்லை.

இணையத்தில் கேட்டுப் பிடித்துப்போய், "அசல் தட்டே வாங்கினால் என்ன?" என்று தோன்றியவர்களுக்கு இந்தக் கட்டுரை. குழுவின் கதை இங்கே இல்லை. எந்தப் பதிப்பு, எப்படி அடையாளம் காண்பது, வீட்டு வாசலுக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும், எங்கே ஏமாறுவோம் என்பது மட்டும்தான். இந்தியாவில் இருந்து வரவழைப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் சுங்கம் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. முதலில் எந்தத் தட்டு என்று முடிவு செய்யுங்கள்

இரண்டும் அபூர்வம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அன்று இரண்டுமே பெரிதாக விற்கவில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டையும் வெளியிட்டவை பெரிய நிறுவனங்கள், அமெரிக்கா முழுக்கக் கடைகளுக்குப் போன தட்டுகள். பொறுமை இருந்தால் கிடைக்கும். அவசரப்பட்டால்தான் விலை ஏறும்.

முதல் தட்டுக்குக் குழுவின் பெயரே தலைப்பு. நாட்டார் இசையும் பழைய ப்ளூஸும் தூக்கலாக இருக்கும். குழுவின் கிதார் கலைஞர் பில் பார்த், 1964இல் ஜான் ஃபாஹி, ஹென்றி வெஸ்டீன் ஆகியோரோடு மிசிசிப்பியில் பழைய ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸைத் தேடிக் கண்டுபிடித்தவர். அந்தத் தட்டில் ஸ்கிப் ஜேம்ஸ் பாட்டு ஒன்று இருப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது 'ஹோபோக்கன் சாட்டர்டே நைட்'. இதில் ஜாஸ் முன்னுக்கு வருகிறது. ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த எல்வின் ஜோன்ஸ் சில பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்திருக்கிறார். தாமஸ் பின்ச்சன் நாவலில் வரும் வரிகளுக்கு மெட்டமைத்த ஒரு பாட்டும் உண்டு. கிளாரினெட்டும் ஆல்ட்டோ சாக்சபோனும் வாசித்த ராபர்ட் பால்மர்தான் பின்னாளில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் இசை விமர்சகர்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரண்டாவதை வாங்குங்கள். பாடல்கள் நன்றாக நிற்கின்றன, பதிவும் தெளிவு. இரண்டுக்கும் பணம் இருந்தால் ஒரே விற்பனையாளரிடம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது தட்டு கூடச் சேர்வதால் தபால் செலவு இரட்டிப்பு ஆகாது, சில டாலர்தான் கூடும்.

2. அட்டவணை எண்ணை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்து அல்ல

பெயரைப் போட்டுத் தேடினால் சிடி, மறுபதிப்பு, டிஜிட்டல் கோப்பு என்று எல்லாம் கலந்து வரும். முதல் தட்டுக்குப் பெயரும் தலைப்பும் ஒன்றே என்பதால் குழப்பம் இன்னும் கூடும். தட்டுக்கு நிறுவனம் கொடுத்த அட்டவணை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- முதல் தட்டு: கேப்பிட்டல் எஸ்.கே.ஏ.ஓ. 109
- இரண்டாவது: அட்கோ எஸ்.டி. 33-313

இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் இருக்கும். சரியான பக்கத்தில் நிற்கிறோமா என்று நாடு, ஆண்டு, எண் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே இதுவரை விற்ற விலைகளில் குறைந்தது, இடைநிலை, அதிகம் மூன்றும் காட்டும். பேரம் பேசுவதற்கு இடைநிலை விலைதான் அளவுகோல். விற்பனையாளர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான்.

விருப்பப் பட்டியலில் இரண்டையும் சேர்த்து, புதிதாக விற்பனைக்கு வந்தால் மின்னஞ்சல் வருமாறு அமைத்துவிடுங்கள். ஈபேயிலும் இதே எண்ணை வைத்துத் தேடலைச் சேமிக்கலாம். பழைய தட்டு விற்பவர்கள் பலர் குழுவின் பெயரைத் தப்பாக எழுதியிருப்பார்கள். எண்ணை வைத்துத் தேடினால் அவையும் சிக்கும். மலிவாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

3. முதல் அச்சா என்று சரிபாருங்கள்

காசு வீணாகும் முக்கியமான இடம் இதுதான். அட்டைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. லேபிளின் படமும், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் இருக்கும் வெற்று வளையத்தின் படமும் வேண்டும். அந்த வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகள்தான் தட்டின் பிறப்புச் சான்றிதழ்.

கேப்பிட்டல் தட்டு: 1968இல் இந்த நிறுவனத்தின் லேபிள் கறுப்பு, ஓரத்தில் சுற்றிலும் வானவில் நிற வளையம். 1969இன் நடுவில் இது வெளிர்பச்சை லேபிளாக மாறியது. ஆகவே பச்சை லேபிளோடு ஒரு பிரதி வந்தால் அது பின்னால் அச்சானது. கேட்க ஒன்றும் குறைவில்லை, ஆனால் முதல் அச்சு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வெற்று வளையத்தில் தட்டை அச்சிட்ட ஆலையின் குறி இருக்கும். முக்கோணத்துக்குள் ஐ.ஏ.எம். என்ற எழுத்துகள் இருந்தால் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆலை. அந்த எழுத்துகள் அங்கே வேலை செய்த தொழிற்சங்கத்தின் பெயர்ச்சுருக்கம். நட்சத்திரக் குறி இருந்தால் லாஸ் ஏஞ்சலஸ். பூஜ்யம் போன்ற வட்டம் இருந்தால் இல்லினாயின் ஜாக்சன்வில். துப்பாக்கி போன்ற சிறு கோட்டுச் சின்னம் தெரிந்தால் வர்ஜீனியாவின் வின்செஸ்டர் ஆலை. அது 1969இல்தான் திறந்தது, எனவே 1968இன் முதல் அச்சு என்று யாராவது சொன்னால் கேள்வி கேளுங்கள். மற்ற மூன்றில் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஆலையை வைத்துத் தரம் பிரித்துச் சண்டை போடும் அளவுக்கு இந்தத் தட்டு பெரியதல்ல.

எஸ்.கே.ஏ.ஓ. என்ற முன்னெழுத்து ஸ்டீரியோ, மடிப்பு அட்டை இரண்டையும் குறிக்கும். புத்தகம் போலத் திறக்கும் அட்டை இல்லாமல் வந்தால் ஏதோ தவறு. எண்ணுக்கு நடுவே 8 என்ற தனி இலக்கம் செருகியிருந்தால் அது அஞ்சல்வழி ரெக்கார்டு கிளப் பதிப்பு. கேப்பிட்டல் தட்டுகளில் பொதுவாகக் காணும் விஷயம் இது, வேறு தட்டு வாங்கும்போதும் உதவும்.

அட்கோ தட்டு: மஞ்சள் லேபிள், அடியில் நியூயார்க் முகவரி 1841 பிராட்வே. 75 ராக்ஃபெல்லர் பிளாசா என்று இருந்தால் 1970களின் நடுப்பகுதியில் வந்த லேபிள். வெள்ளை லேபிளில் விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருந்தால் வானொலி நிலையங்களுக்கும் விமர்சகர்களுக்கும் அனுப்பிய பிரதி. இதற்கு விலை கூடச் சொல்வார்கள். சேகரிப்பவருக்கு அது மதிப்பு. கேட்பவருக்கு வித்தியாசமில்லை. வானொலி நிலையத்தில் தேய்த்து ஓட்டிய பிரதியாகவும் இருக்கலாம்.

அட்கோ, அட்லாண்டிக் நிறுவனத்தின் கிளை. அட்லாண்டிக் குடும்பத் தட்டுகளில் எண்ணின் கடைசியில் ஆலை எழுத்துகள் வரும். பி.ஆர். என்றால் பிரஸ்வெல், எம்.ஓ. என்றால் மொனார்க், எஸ்.பி. என்றால் ஸ்பெஷாலிட்டி, சி.டி.எச். என்றால் கொலம்பியாவின் டெர் ஹோட் ஆலை, ஆர்.ஐ. என்றால் ரிச்மண்ட். விற்பனையாளர் எழுத்துகளைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதாது, படமே கேளுங்கள். டிஸ்காக்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதி அனுப்புபவர்கள் உண்டு.

அட்டையின் மூலையை வெட்டியிருப்பது, ஓரத்தில் ரம்பத்தால் ஒரு வெட்டு, ஒரு சிறு துளை, இவை மூன்றும் கட்-அவுட் அடையாளங்கள். விற்காத சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தபோது, கடைக்காரர் அதை முழு விலைக்குத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று போட்ட குறி. அன்று விற்காத தட்டுகளுக்கு இது சகஜம். விலையில் குறைத்துக் கேட்க நல்ல காரணம். பல கட்-அவுட் பிரதிகளில் தட்டு அதிகம் ஓடாமலேயே இருக்கும். காதுக்காக வாங்குபவர்கள் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

4. தர அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

கோல்ட்மைன் அளவு என்று சொல்லப்படும் ஏணி இது: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), ஜி பிளஸ், ஜி (குட்), பூர். தட்டுக்குத் தனி, அட்டைக்குத் தனி.

பெரிய பொறி 'வெரி குட்' என்ற சொல். நல்ல தட்டு என்று அர்த்தம் போலக் காதில் விழும். நடைமுறையில் விஜி என்றால் மெல்லிய இடங்களில் பொரிச்சல் சத்தம் தெளிவாகக் கேட்கும் தட்டு. 'குட்' என்றால் கிட்டத்தட்டக் கழிவு.

இந்தக் குழுவுக்கு என்று ஒரு குறிப்பு. பாரிடோன் சாக்சபோனும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும் இடங்களில் விஜி தட்டின் பொரிச்சல் சத்தம் அமுங்கிவிடும். தனிக் குரலும் ஒற்றை பேஞ்சோவும் வரும் இடங்களில் அமுங்காது. ஆகவே முதல் தட்டை விஜி பிளஸுக்குக் கீழே வாங்க வேண்டாம். இரண்டாவதில் விஜி என்று இருந்தாலும் விலை பாதியாக இருந்தால் யோசிக்கலாம்.

கண்ணால் பார்த்து மட்டும் தரம் சொன்னாரா, ஓட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் பார்த்து மட்டும்தான் சொல்வார்கள். பளபளப்பாகத் தெரியும் தட்டும் பழைய கனத்த ஊசியில் தேய்ந்திருக்கலாம். அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. உச்சக் குரலிலும் சாக்சபோனின் உரத்த இடத்திலும், அதுவும் பக்கத்தின் கடைசிப் பாட்டில், கரகரப்பாகக் கேட்கும். எந்தச் சுத்தம் செய்தாலும் போகாது.

5. விற்பனையாளருக்கு என்ன எழுத வேண்டும்

ஒரே மடலில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். நான்கு முறை துண்டு துண்டாகக் கேட்டால் பதில் நின்றுவிடும்.

- இரண்டு பக்க லேபிளும், வெற்று வளையமும் தெரியும் படங்கள்
- விளக்கைச் சாய்வாகப் பிடித்து எடுத்த தட்டின் படம். நேர் வெளிச்சத்தில் கீறல் மறையும்
- அட்டையின் முதுகு, மூன்று ஓரங்கள், மடிப்பின் உள்பக்கம்
- நகத்தில் தட்டுப்படும் கீறல் ஏதாவது உண்டா? உண்டென்றால் எந்தப் பாட்டில்?
- தட்டு வளைந்திருக்கிறதா?
- அட்டையில் பூஞ்சை வாசனையோ கறையோ உண்டா?
- இந்தியாவுக்கு அனுப்பியிருக்கிறாரா? தபால் செலவு எவ்வளவு?

இந்தியாவுக்கு அனுப்பிப் பழக்கமில்லாதவர் என்றால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. விலை ஐந்து டாலர் கூட இருந்தாலும் பரவாயில்லை.

6. கையில் வந்து சேரும்போது எவ்வளவு

புதிதாக வாங்குபவர்கள் தட்டின் விலையை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். முழுக் கணக்கைப் போட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

சுங்க வரி தட்டின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, தபால் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்கு. அதன்மேல் அடிப்படைச் சுங்கவரி, அந்த வரியின்மேல் பத்து சதவீதம் சமூக நல கூடுதல் வரி, இவை எல்லாம் சேர்ந்த தொகையின்மேல் ஐஜிஎஸ்டி என்ற ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி. இசைத்தட்டுக்கு உரிய சுங்க எண் 8523 80 10. ஆனால் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு வரும் பார்சலைப் பெரும்பாலும் 9804 என்ற பொதுத் தலைப்பில் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் விகிதம் வேறாக இருக்கலாம். மத்திய பட்ஜெட்டில் விகிதங்கள் மாறும் என்பதால் ஆர்டர் போடும் அன்று சுங்கத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு போகும் விதத்தைக் காட்ட ஒரு மாதிரி: தட்டு 45 டாலர், தபால் 30 டாலர். மொத்தம் 75. அடிப்படை வரி 20 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதலில் 15 டாலர் அடிப்படை வரி. அதில் பத்து சதவீதம் 1.50. இப்போது தொகை 91.50. இதில் 18 சதவீதம் 16.47. ஆக வரி மட்டும் 32.97 டாலர். வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் அதற்கும் அதன்மேல் ஜிஎஸ்டிக்குமாக 3 டாலர் சொச்சம். 45 டாலர் தட்டு 111 டாலரில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் தபால் துறையோ கூரியரோ வாங்கும் கையாளும் கட்டணம் தனி.

அதனால்தான் தட்டின் விலையில் பத்து டாலர் பேரம் பேசுவதைவிடத் தபால் செலவைக் குறைப்பது லாபம். இரண்டு தட்டைச் சேர்த்து வாங்கச் சொன்னதும் இதற்காகவே.

மதிப்பைக் குறைத்து எழுதும்படி கேட்காதீர்கள். பார்சல் தொலைந்தால் எழுதிய தொகைக்குத்தான் இழப்பீடு. சுங்கத்தில் சந்தேகம் வந்தால் அவர்களே மதிப்பு போடுவார்கள், கட்டணச் சீட்டும் கேட்பார்கள். பரிசு என்று எழுதச் சொல்வதும் பயனில்லை. 2019 டிசம்பருக்குப் பிறகு, பரிசு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் பொருள் வரவழைக்க ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே இடம்.

7. தயாராக வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஒன்றிரண்டு தட்டு வாங்க ஏற்றுமதி-இறக்குமதி உரிம எண் தேவையில்லை. ஆனால் கீழே உள்ளவை கணினியில் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்:

- ஆர்டர் பக்கத்தின் பிடிஎஃப். தட்டின் பெயர், விலை, தபால் செலவு மூன்றும் தெரிய வேண்டும்
- பணம் கட்டிய ரசீது, வங்கி அட்டைக் கணக்கில் பணம் பிடித்த பதிவு தெரியும் பக்கம்
- விற்பனைப் பக்கத்தின் படம். விற்ற பிறகு அந்தப் பக்கம் மறைந்துவிடும், முன்பே எடுத்து வையுங்கள்
- கண்காணிப்பு எண்
- ஆதார் அல்லது பாஸ்போர்ட். கூரியர் என்றால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கட்டாயம் கேட்பார்கள்

பார்சலில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலைப் பின்னால் போடுவது, முன்னால் போடுவது, அப்பா பெயரை விரித்து எழுதுவது என்று நம் ஊர்ப் பெயர்களில் ஆயிரம் வடிவம் உண்டு. டிஸ்காக்ஸ் கணக்கில் ஆதாரில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். முகவரியில் பின்கோடும் கைபேசி எண்ணும் கட்டாயம். சுங்கப் படிவத்தில் 'பழைய இசைத்தட்டு, ஒன்று, தனிப்பட்ட பயன்பாடு' என்ற பொருளும் சுங்க எண்ணும் எழுதும்படி விற்பனையாளரிடம் சொல்லுங்கள். 'மியூசிக் ஐட்டம்' என்று பொதுவாக எழுதினால் பிரித்துப் பார்க்கத் தாமதமாகும்.

ஒரே தட்டில் ஐந்து பிரதி வாங்கி நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் யோசனை வேண்டாம். வியாபாரச் சரக்கு போலத் தெரியும்.

8. பணம் கட்டுவது

வங்கி அட்டையில் சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, வரம்பைத் தேவைக்கு வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். பேபால் வழியாகக் கட்டினால் 180 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். பார்சல் நத்தை வேகத்தில் வந்தாலும் அந்தக் காலம் போதும். 'நண்பருக்கு அனுப்பு' முறையில் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், அதற்குப் பாதுகாப்பு கிடையாது. டாலரில் கட்டும்போது பேபால் தன் மாற்று விகிதத்தைக் காட்டும். வங்கியின் விகிதம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஒப்பிட்டுவிட்டு அழுத்துங்கள்.

9. பேக்கிங், அனுப்பும் வழி, காலம்

விற்பனையாளரிடம் ஒரு வாக்கியம் சொல்லியே ஆக வேண்டும்: தட்டை உள்ளுறையோடு அட்டைக்கு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்புங்கள். தட்டு உள்ளேயே இருந்தால் வழியில் பார்சல் விழும்போது உள்ளிருந்தே அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். 50 வருடத்துக்கு மேல் ஆன அட்டையின் பசை காய்ந்திருக்கும், சின்ன இடி போதும். முன்னும் பின்னும் கெட்டி அட்டைத் தடுப்பு, எல்லாவற்றையும் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. மழைக்காலத்தில் இந்த உறைதான் தட்டைக் காப்பாற்றும்.

அமெரிக்காவில் இருந்து வருபவற்றுக்கு மூன்று வழி:

சாதாரண விமானத் தபால் மலிவு. அனுப்பிய நாளில் இருந்து மூன்று முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய பிறகு கண்காணிப்பு எண் பல நாள் அசையாது. அதற்குள் தொலைந்துவிட்டது என்று புகார் போடாதீர்கள். சுங்க வரி இருந்தால் தபால்காரர் வாசலில் வாங்கிக்கொள்வார். ரசீது கேட்டு வாங்குங்கள்.

கூரியர் ஒரு வாரம், பத்து நாளில் வரும். ஆனால் செலவு தட்டின் விலையையே தாண்டலாம். விலை உயர்ந்த பிரதிக்கு மட்டும்தான் இது.

மூன்றாவது, அங்கே இருக்கும் உறவினர். உள்நாட்டு மீடியா மெயில் என்ற மலிவுத் தபாலில் அவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் செய்யலாம். மீடியா மெயில் அமெரிக்காவுக்குள் மட்டும்தான், வெளிநாட்டுக்கு இல்லை. எல்பி அட்டை ஏறக்குறைய 31.5 செ.மீ. சதுரம். பெரும்பாலான கேபின் பெட்டியில் படுக்கையாக உட்கார்ந்துவிடும். சரக்குப் பெட்டியில் போடச் சொல்லாதீர்கள். விமான நிலைய எக்ஸ்ரேயால் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. வருகிறவரிடம் வாங்கிய ரசீது இருக்கட்டும், பயணிகளுக்கான சுங்கச் சலுகை வரம்பையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். செலவைப் பார்த்தால் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சித்தப்பா எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். மூடிய டெலிவரி வண்டிக்குள் மதிய வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலே தட்டு வளையும். வளைந்தால் நிமிர்த்துவது சுலபமில்லை.

10. பார்சல் வந்ததும்

பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே காணொளியாக எடுங்கள். முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, தட்டின் இரண்டு பக்கமும் தெரிவதோடு முடியுங்கள். புகார் கொடுக்க வேண்டி வந்தால் இதுதான் சாட்சி.

உடனே ஓட்டாதீர்கள். குளிரூட்டிய அறையில் இருந்தாலும் வெயிலில் வந்தாலும் அறை வெப்பத்துக்கு வர இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு கழுவுங்கள். முக்கால் லிட்டர் டிஸ்டில்டு தண்ணீர், கால் லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நிறமும் மணமும் இல்லாத திரவ சோப்பு இரண்டு சொட்டு. மென்மையான தூரிகையால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு தண்ணீரால் மறுபடி அலசி, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வேண்டாம், உப்பு பள்ளத்தில் தங்கிப் பொரியும். இந்தக் கலவை வினைலுக்கு மட்டும். வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டு இருந்தால் அதில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

முதல் மூன்று நாளுக்குள் இரண்டு பக்கமும் முழுக்கக் கேளுங்கள். சத்தத்தை அடையாளம் காண ஒரு வழி உண்டு. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டிக்' சத்தம் சரியாக அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல். விற்பனையாளர் சொல்லாமல் விட்டிருந்தால் புகாருக்கு உரியது. ஒழுங்கில்லாமல் அங்கங்கே பொரிந்தால் அழுக்கு அல்லது நிலைமின்சாரம், இன்னொரு முறை கழுவினால் குறையும். கிளாரினெட் உரத்து வரும் இடத்தில் மட்டும் கரகரத்தால் தேய்மானம், அல்லது உங்கள் ஊசியின் எடை சரியில்லை. முதலில் ஊசியைச் சந்தேகியுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ வகை ஊசிக்கு 2 கிராம்தான் சரியான எடை. மலிவான சூட்கேஸ் பிளேயரில் இந்தத் தட்டைப் போடவே போடாதீர்கள்.

விற்பனையாளர் சொன்ன தரத்தில் இருந்து ஒரு படி குறைந்திருந்தால் பகுதிப் பணம் கேட்பது நடைமுறை. தட்டைத் திருப்பி அனுப்பும் செலவு நமக்கே நஷ்டம் என்று அவருக்கும் தெரியும். அதனால் முதல் மடலிலேயே தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், காணொளியையும் படங்களையும் இணையுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் பேபாலில் புகாரைத் திறங்கள்.

11. வைக்கும் இடம்

கடலோர ஊர்களில் தட்டுக்கு எதிரி கீறல் அல்ல, பூஞ்சை. பழைய காகித உள்ளுறையை எறியாதீர்கள், அதுவும் அசலின் பகுதி. அதைத் தனியாக அட்டைக்குள் வைத்துவிட்டு, தட்டைப் நிலைமின்சாரம் பிடிக்காத புதிய ஆன்டி-ஸ்டாட்டிக் உறைக்கு மாற்றுங்கள். வெளி உறையின் வாயை ஒட்டி மூடாதீர்கள், உள்ளே ஈரம் அடைபட்டு அட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வரும். அலமாரியைச் சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். தட்டுகள் நேராக நிற்க வேண்டும், சாயக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்றாகவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, அட்டையின் உள்மடிப்பை விரித்து முகர்ந்து பாருங்கள். ஈர வாசனை வந்தால் அன்றே மின்விசிறிக்குக் கீழே அரை நாள் விரித்து வையுங்கள்.